எங்கள் கூரையின் கீழ் பிறந்தவன்

பண்ணை வீட்டம்மா செருப்பில்லாத காலோடு எங்கள் தெருமுனைச் சேற்றில் நின்ற அந்த ஐப்பசிக் காலை இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது. குடை காற்றில் திரும்பிக்கொண்டது. அதை நிமிர்த்தக்கூட அவருக்குத் தோன்றவில்லை. அதுவரை அந்த வீட்டுப் பெண்கள் யாரும் எங்கள் தெருப்பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. வேலை என்றால் ஆள் வரும், கூப்பிடும், நாங்கள் ஓடுவோம். இப்போது எசமானியே வந்து நிற்கிறார். எங்கள் தெருப் பெண்கள் வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தோமே தவிர, வாங்க என்று ஒருத்தியும் சொல்லவில்லை.

சொல்லும் நிலைமையில் நாங்கள் இல்லை. குறுவை விளைந்து மழையில் சாய்ந்து கிடந்தது. கூலியை ஏற்றிக் கொடுத்தால்தான் அரிவாள் தொடுவோம் என்று விவசாயக் கூலிகள் சங்கத்தில் பேசி முடித்திருந்தார்கள். பண்ணை வீட்டு மிராசுதார் வெளியூரிலிருந்து லாரியில் ஆள் இறக்கினார். மறித்த எங்கள் ஆண்களைப் போலீஸ் அள்ளிக்கொண்டு போனது. என் அப்பாவும் அதில் ஒருவர். ஆட்சி மாறிவிட்டது, இனி எல்லாம் ஏழைக்குத்தான் என்று மேடைக்கு மேடை முழங்கினார்கள். முழங்கியது எங்கள் ஊர் ஸ்டேஷன்வரை கேட்கவில்லை போலிருக்கிறது. அதனால் மிச்சமிருந்த பெண்கள் கூடி ஒரு முடிவு எடுத்தோம். சாணி அள்ள, மாடு கழுவ, எதற்கும் பண்ணைத் தெருவில் கால் வைப்பதில்லை.

என் அத்தை, அப்பாவின் அக்கா, இரண்டு தெருவுக்கும் மருத்துவச்சி. பண்ணை வீட்டுப் பிரசவத்துக்குக் கொல்லைப்புறமாகப் போவாள். பிள்ளையை முதலில் தொடுவது அவள் கைதான். தீட்டுக் கழித்து வீடு கழுவியதும் அதே பிள்ளையை அவள் வேலிக்கு வெளியே நின்றுதான் பார்க்க வேண்டும். பண்ணை வீட்டு மகளும் அப்படி அவள் கையில் பிறந்தவள்தான்.

"பொண்ணுக்கு வலி கண்டுடுச்சு. எட்டு மாசம்தான் ஆவுது. ரோடு பூரா தண்ணி, கார் போவாது. அவங்கப்பா தஞ்சாவூர்ல மாட்டிக்கிட்டாங்க. நீ வா" என்றார் பண்ணை வீட்டம்மா.

அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "எங்க ஆம்பளைங்கள எல்லாம் உள்ள வச்சிருக்கீங்க. நான் அங்க வரமாட்டேன்மா. பொண்ண இங்க தூக்கிட்டு வாங்க. நான் பாத்துக்கறேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சங்கச் செயலாளரின் மனைவி எரிந்து விழுந்தாள். "உன் தம்பிய உள்ள தள்ளினவங்களுக்கு என்ன எரக்கம் வேண்டிக் கெடக்கு?"

"வேலைக்குப் போவக்கூடாதுன்னுதான் பேசினோம். வர்றவங்கள வெரட்டணும்னு யாரும் பேசலையே" என்றாள் அத்தை.

வெளியூர் ஆட்களே அந்தப் பெண்ணைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வரப்பில் வழுக்கி வழுக்கி வந்தார்கள். உச்சிவேளையில் பையன் பிறந்தான். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். அத்தை அவனைக் குளிப்பாட்டவில்லை. பழைய வேட்டியில் துடைத்து, சுற்றி, தாயின் மார்பில் போட்டாள். பக்கத்தில் உமிச் சட்டியில் கங்கு கனன்றுகொண்டே இருந்தது. மழை விடாததால் தாயும் பிள்ளையும் எங்கள் குடிசையிலேயே தங்கினார்கள். பண்ணை வீட்டம்மாவும் தங்கினார். முதலில் பெரிய வீட்டிலிருந்து தூக்குச்சட்டி வந்தது, பிறகு வாய்க்கால் உடைந்து அதுவும் நின்றது. எங்கள் கஞ்சியைத்தான் குடித்தார். அந்தப் பெண் அண்ணாந்து கூரையைப் பார்த்து, "எங்க மாட்டுக் கொட்டாய்கூட இவ்வளவு ஒழுகாது" என்றாள். சூதில்லாமல்தான் சொன்னாள். எனக்குப் பதினாறு வயது, சுருக்கென்றது. ஆனாலும் இருவரும் சேர்ந்து சிரித்துவிட்டோம். பிள்ளை மெல்ல மெல்லச் சப்பிக் குடிக்கப் பழகியது.

மழை வெறித்ததும் மிராசுதார் கூண்டு வண்டியோடு வந்தார். வண்டியை விட்டு இறங்கவில்லை. மகளையும் பேரனையும் ஏற்றும்போது அத்தை சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, "மாசம் நெறையாத புள்ளைங்க. தண்ணி மட்டும் ஊத்திடாதீங்க. ஒடம்புச் சூடு போனா தாங்காது" என்றாள்.

"எங்க வீட்டு நடப்ப நீ சொல்லித் தர வேண்டாம்" என்றார் அவர்.

மறுநாள் பொழுது சாயும் முன் பண்ணை வீட்டம்மா திரும்ப வந்தார். இந்தத் தடவை குடை இல்லை. "கெணத்தடியில வச்சு ஊத்திட்டாங்க" என்றார். "சேரியிலேருந்து வர்ற புள்ள, குளிக்காம நடையில ஏறக் கூடாதுன்னாங்க. பச்சத் தண்ணி. காலையிலேருந்து பால் குடிக்கல. இப்ப உசிரு இல்ல. நான் தடுக்கல, நான் பாத்துக்கிட்டு நின்னேன்." அழுகை வரவில்லை அவருக்கு. குழி வெட்டுவது காலங்காலமாக எங்கள் தெரு வேலை. அதற்குத்தான் வந்திருந்தார். ஆனால் கேட்க வாய் வரவில்லை.

அத்தை எழுந்து மூலையில் கிடந்த மண்வெட்டியை எடுத்தாள். "எதுக்கு அத்தை போற? அவங்களே கொன்னுட்டு அவங்களே பொதைக்கட்டும்" என்று கத்தினேன்.

"அவங்க வீட்டுப் புள்ளைக்கா போறேன்? நம்ம வீட்டுல பொறந்த புள்ளடி" என்றாள். செயலாளரின் மனைவி வழிவிட்டாள். ஆற்றங்கரை மேட்டில், ஈர மண்ணில், அத்தை தானே வெட்டித் தானே மூடிவிட்டு வந்தாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

பிறகு கூலி ஏதோ கொஞ்சம் ஏறியது, அப்பா வெளியே வந்தார். நான் நர்சுக்குப் படித்து, திருத்துறைப்பூண்டிப் பக்கத்துப் பிரசவ வார்டுகளிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். அத்தை போய்ப் பல வருஷம் ஆகிறது. பண்ணை வீட்டுக்காரர்கள் நிலத்தை விற்றுவிட்டுச் சென்னையில் இருக்கிறார்கள். போன பங்குனியில் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க அந்தக் குடும்பத்துப் பெண் ஒருத்தி வந்திருந்தாள். கல்லூரிப் பேராசிரியை, நல்ல பெண். நான் இந்த ஊர் நர்ஸ் என்று தெரிந்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அக்கறையாகத்தான் பேசினாள்.

"அந்தக் காலத்துல எவ்வளவு கஷ்டம் இல்லைங்களா? எங்க பெரியம்மாவோட முதல் பையன் ஏதோ குடிசையில பொறந்து, சுத்தம் இல்லாம இன்ஃபெக்‌ஷன் ஆகி இறந்துட்டானாம். வீட்டுல இன்னும் சொல்லுவாங்க."

"எங்க வீடுதாம்மா அது" என்றேன். "அங்க இருந்த வரைக்கும் அவன் பால் குடிச்சுக்கிட்டுதான் இருந்தான்."