பீச்சாங்கைக்காரியை வரைந்தவன்

என் படத்தைத் திருடியது நீங்கள்தான், டிராயிங் மாஸ்டரே. தெரிந்த ஆளாயிற்றே, 'எடுத்துக்கொண்டீர்கள்' என்று எழுதலாமா என்று யோசித்தேன். எழுத வரவில்லை. திருடினீர்கள். திருடியதற்கு ஒரு வெள்ளிப் பதக்கமும் வாங்கினீர்கள். அதைக் கோட்டில் குத்திக்கொண்டு மாசி வீதியில் நீங்கள் நடந்து போனதை என் கண்ணால் பார்த்தேன்.

இந்தப் பத்திரிகை வாசகர்களுக்கு என்னைத் தெரியாது. தெரியாமல் இருப்பதற்காக மாஸ்டர் நிறைய உழைத்திருக்கிறார். ஆகவே நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. யுத்தத்துக்கு முந்தின வருஷங்களில் மதுரையில் ஒரு கல்லச்சுக் கூடத்தில் நான் படம் எழுதுகிறவன். வழவழவென்று தேய்த்த கல்லில் கொழுப்பு மையால் எழுத வேண்டும். கல்லில் வலது பக்கம் இருப்பது காகிதத்தில் இடது பக்கம் விழும். அதனால் எதையும் இடம் வலம் மாற்றித்தான் கல்லில் ஏற்றுவோம். எழுத்துகளைப் பல வருஷம் அப்படி எழுதி எழுதி, என் வீட்டு மளிகைச் சீட்டையே ஒருநாள் திருப்பி எழுதிவிட்டேன். கடைக்காரர் அதை வெளிச்சத்தில் பின்பக்கமாகப் பிடித்துப் படித்தார்.

படத்துக்கு அந்தக் கஷ்டம்கூட இல்லை. வாடிக்கைக்காரர் ஏதாவது ஒரு பழைய படத்தைக் கொண்டுவருவார். அதை மெல்லிய டிரேசிங் காகிதத்தில் படியெடுத்து, காகிதத்தைக் குப்புறப் போட்டுக் கல்லில் இறக்கினால் தானாக மாறிக்கொள்ளும். புத்தி வேண்டாம், முதுகுவலி தாங்கினால் போதும். சீயக்காய்ப் பொட்டலத்துக்கு யானை, ஊதுபத்திக்குத் தாமரை, நெய் டப்பாவுக்கு இரண்டு சிங்கம், சிங்கங்களுக்கு நடுவில் கடை முதலாளியின் முகம். எங்காவது காலி இடம் தெரிந்தால் எங்கள் முதலாளிக்குப் பொறுக்காது. "அங்கன ஒரு கிளியப் போடு" என்பார். மதுரையில் அந்தக் காலத்தில் விற்ற சாமான்களில் பாதியின் மேல் என் கிளி உட்கார்ந்திருந்தது.

அச்சுக்கூடத்துக்கு எதிரே ஒரு காபி கிளப். அங்கே பட்டணத்திலிருந்து வரும் பத்திரிகைகள் கிடக்கும். ஒரு தீபாவளி மலரைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஒரு படத்தில் கை நின்றுவிட்டது. ஒரு குமாஸ்தா பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறான். எண்ணிப் பார்த்தால் பத்துப் பன்னிரண்டு கோடு இருக்கும். குடை ஓடுகிறது, வேட்டி ஓடுகிறது, தொந்தி மட்டும் வர மாட்டேன் என்கிறது. பஸ் படத்திலேயே இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளைக் காகிதம். கிளியும் இல்லை. நான் பல வருஷமாகச் செய்துகொண்டிருந்தது படம் எழுதுவதே இல்லை, துணிக்குச் சாயம் போடுவது போன்ற ஒரு வேலை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வயது முப்பதுக்கு மேல். கொஞ்சம் முன்னாலேயே தெரிந்திருக்கலாம்.

அந்தப் பக்கத்தை மெதுவாகக் கிழிக்கப் பார்த்தேன். கிளப்காரர் கல்லாவிலிருந்தே சத்தம் போட்டார்.

"அண்ணே, பேப்பரத் திங்காதீக. இட்லி இருக்கு."

அப்புறம் பழைய மலர்களாகத் தேடித் தேடி வாங்கினேன். பஸ்ஸுக்கு ஓடுகிறவனைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினேன். என் மனைவி கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சாமி படத்துக்குப் பக்கத்துல இவன மாட்டியிருக்கீகளே, இவனக் கும்புட்டா என்ன கெடைக்கும்?"

"பஸ் கிடைக்கும்" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

இந்தக் காய்ச்சலில் நான் இருந்த சமயத்தில்தான் செல்லூரிலிருந்து ஒரு சேலை வியாபாரி வந்தார். முப்பது நாற்பது தறிகளுக்கு நூல் கொடுத்துச் சேலை வாங்கி, வாடிப்பட்டி, பேரையூர்ப் பக்கத்துக் கடைகளுக்கெல்லாம் அனுப்புகிறவர். மடித்த சேலையின் மேல் ஒட்ட ஒரு லேபிள் வேண்டும். ஒரு பெண் கண்ணாடியைப் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்கிறாள், கீழே ஒரு ரிப்பனில் கடைப் பெயர். மாதிரிப் படம் எதுவும் அவரிடம் இல்லை. "மங்களகரமா இருக்கணும், அம்புட்டுத்தான்" என்றார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. டிரேசிங் காகிதமே எடுக்காமல், மலரில் எழுதுகிற பெரிய ஆட்களைப் போல நேரே கல்லில் எழுதினேன். நெற்றியிலிருந்து இடுப்பு வரை ஒரே வீச்சில் ஒரு கோடு. பின்னால் முழுக்க வெள்ளை. முழங்காலுக்குக் கீழே ரிப்பன் மறைத்துக்கொண்டது. ரிப்பனில் இருந்த எழுத்துகளைக் கை தன் வழக்கப்படி மாற்றியே எழுதியது. பெண்ணை மாற்ற வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. கல்லில் அவள் வலது கையால் அழகாகப் பொட்டு வைத்துக்கொண்டாள். காகிதத்தில் இடது கையால் வைத்துக்கொண்டாள்.

அச்சானதை நான் பார்த்தேன், முதலாளி பார்த்தார், மிஷின் சுற்றியவர் பார்த்தார். கல்லையே பார்த்துப் பழகிய கண்களுக்கு எல்லாம் சரியாகத்தான் இருந்தது. செல்லூரில் அத்தனை சேலைக்கும் ஒட்டி முடித்த பிறகு வியாபாரி வீட்டுப் பெண்கள்தான் கண்டுபிடித்தார்கள். மறுநாள் காலையில் அவர் அச்சுக்கூடத்து வாசலில் நின்றார்.

"ஏய்யா, மங்களகரமா ஒருத்தியப் போடச் சொன்னா, பீச்சாங்கையில பொட்டு வைக்கிற மூதேவியப் போட்டுருக்க! இத எவ வாங்குவா?"

"கண்ணாடியில பாத்தா சரியா இருக்குங்க" என்றேன்.

"அப்ப சேலைக்கு ஒரு கண்ணாடி சேத்துக் குடுக்கவா?"

கல்லைத் தேய்த்துவிட்டு, சரியான கையோடு மறுபடி எழுதிக் கொடுத்தேன். அதற்குள் பழைய லேபிளோடு போன சேலைகள் விற்றுவிட்டன. நல்ல சேலை, சாயம் போகவில்லை. எழுத்துப் படிக்கத் தெரியாத பெண்கள் லேபிளைப் பார்த்துத்தானே கேட்பார்கள்? பேரையூர்ச் சந்தையில் "பீச்சாங்கைக்காரி சேல குடுங்க" என்று கேட்டிருக்கிறார்கள். வலது கைக்காரி ஒட்டிய சேலை போனதும், இது போலிச் சரக்கு என்று கடைக்காரர்கள் கட்டைப் பிரித்த கையோடு திருப்பி அனுப்பினார்கள். வியாபாரி மறுபடியும் வந்தார். இந்தத் தடவை குரல் இறங்கியிருந்தது.

"பழைய மூதேவியவே போட்டுருப்பா."

மூன்றாவது தடவை எழுதும்போது தெரிந்தே எழுதினேன். என் தப்பு இப்படித்தான் ஒரு கடையின் அடையாளமானது. எனக்கு அதில் பெருமை கிடையாது என்று சொன்னால் பொய்.

அந்த வருஷம்தான் ஊரில் சித்திரக் கண்காட்சி என்று ஒன்று ஆரம்பித்தார்கள். வக்கீல்கள், பென்ஷன் அதிகாரிகள், பள்ளி ஆசிரியர்கள் சேர்ந்த ஒரு கமிட்டி. அதில் சித்திரம் தெரிந்தவர் என்று இருந்த ஒரே ஆள் நம் மாஸ்டர். மிஷன் பள்ளி ஒன்றில் பையன்களுக்குப் பூந்தொட்டி வரையக் கற்றுக்கொடுப்பவர். கண்காட்சிக்கு வரும் படங்களை வாங்கிப் பார்த்துத் தள்ளுவதும் சேர்ப்பதும் அவர் பொறுப்பு. மை காய்ந்த அச்சுப் பிரதி ஒன்றை நல்ல அட்டையில் ஒட்டி எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். கிட்டத்தில் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"இது லேபிள் தம்பி. கலை வேற, வியாபாரம் வேற. கமிட்டி ஒத்துக்கிடாது."

"அப்ப திருப்பிக் குடுங்க, சார்."

"இருக்கட்டும். வச்சுட்டுப் போங்க."

வைத்துவிட்டு வந்தேன். அதுதான் நான் செய்த இரண்டாவது தப்பு.

கண்காட்சிக்குப் போய்ப் பார்த்தேன். கலை என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டாமா? இங்கிலாந்தில் பனி பெய்துகொண்டிருந்தது. வரைந்தவர் ஊர் திருமங்கலம். ஒரு ஜமீன்தாரின் மீசையை மயிர் மயிராக ஒருவர் எழுதியிருந்தார். மணி கோத்த மயில்கள் ஏழு. மாஸ்டருடைய பூந்தொட்டிகள் நான்கு. அவ்வளவையும் பார்த்துவிட்டு வெளியே வந்து வெற்றிலை போட்டுக்கொண்டேன்.

அடுத்த வருஷம் நான் போகவே இல்லை. பெண்களுக்கென்று ஒரு காலை ஒதுக்கியிருந்தார்கள், என் மனைவி பக்கத்து வீட்டுக்காரியோடு போனாள். திரும்பி வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஏங்க, ஒங்க பீச்சாங்கைக்காரிய அங்கன பெருசா மாட்டி வச்சிருக்காக. மாலையெல்லாம் போட்டு!"

"லேபிளையா?"

"லேபிளு இம்புட்டுண்டு. இது கதவு ஒசரம். கலர்ல. அவளேதான். கால மட்டும் காணோம்."

மத்தியானம் வேலையைப் போட்டுவிட்டு ஓடினேன். அவளேதான். அதே கோடு, அதே கழுத்துச் சாய்வு, அதே இடது கை. பின்னால் நான் விட்ட வெள்ளையில் மஞ்சள் பூசியிருந்தார். முழங்காலுக்குக் கீழே லேபிளில் ரிப்பன் அல்லவா இருந்தது? அதற்குப் பின்னால் என்ன இருக்கும் என்று மாஸ்டருக்குத் தெரியவில்லை. அங்கே ஒரு மேகத்தைப் போட்டுவிட்டார். கீழே அவர் கையெழுத்து, பக்கத்தில் முதல் பரிசுச் சீட்டு.

படத்துக்கு முன்னால் ஒரு வயதான வக்கீல் கூட்டத்துக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

"இடது பாகம் அம்பாள் பாகம். பொட்டு வைக்கிறது அந்தக் கை. பாதம் மண்ணுல படலை, மேகத்துல நிக்கறா. என்ன ஒரு புதுமை பாருங்கோ!"

மாஸ்டர் பக்கத்தில் நின்று அடக்கமாகத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"புதுமையும் இல்ல, அம்பாளும் இல்லங்க. அது தப்பு. நான் பண்ணுன தப்பு. கல்லுல மாத்தி எழுத மறந்துட்டேன்."

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் நகக் கண்ணில் மை இருந்தது, சட்டையிலும் இருந்தது. பையிலிருந்து ஒரு லேபிளை எடுத்து வக்கீலிடம் நீட்டினேன். அவர் லேபிளையும் பார்த்தார், படத்தையும் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார். மாஸ்டர் மட்டும் கலங்கவே இல்லை.

"மிஷின்ல அடிச்ச காகிதம் சார் இது. லேபிளை யாராவது வரைவாங்களா? என் படத்தைப் பார்த்து எவனோ அடிச்சிருக்கான்."

"போன வருசம் ஒங்க வீட்டுல குடுத்தேனே?"

"தெனம் பத்துப் பேர் வாராங்க. யாருன்னு ஞாபகம் வச்சுக்கிடுறது?"

கமிட்டிக் காரியதரிசி நியாயமான மனுஷர். அதனால் நியாயமாக ஒரு கேள்வி கேட்டார். "உம்ம கையெழுத்து இதுல எங்க இருக்கு?" லேபிளில் எவனும் கையெழுத்துப் போடுவதில்லை. "சரி, நீர் எழுதின கல்லாவது இருக்கா?" கல் இருக்கிறது. அதன் மேல்தான் இப்போது ஒரு தலைவலித் தைலத்துக்கு அனுமார் மலையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். ஒரு வேலை முடிந்தால் மணலும் தண்ணீரும் போட்டுத் தேய்த்து அடுத்த வேலைக்கு எடுப்போம். மூன்றாவது தடவை எழுதிய பீச்சாங்கைக்காரியையும் தேய்த்து அழித்தது நானேதான்.

"ஒரு கரும்பலகை குடுங்க" என்றேன். "இங்கனயே எழுதுறேன். நேராவும் எழுதுறேன், திருப்பியும் எழுதுறேன். அவரையும் எழுதச் சொல்லுங்க."

"இது சர்க்கஸ் இல்லை" என்றார் மாஸ்டர். கமிட்டியும் அப்படியே அபிப்பிராயப்பட்டது. இரண்டு தொண்டர்கள் என்னை மரியாதையாக வாசல் வரை கொண்டுவந்து விட்டார்கள்.

முதலாளியிடம் போய் ஒரு கடிதம் கேட்டேன். இந்தப் படம் இன்னார் எழுதியது என்று ஒரு வரி. மாஸ்டருடைய பள்ளியின் கேள்வித்தாள் எங்களிடம்தான் அச்சாகிறது. "ஒனக்கு எதுக்குப்பா வம்பு? படம் போட்டமா, போனமான்னு இரு" என்றார். செல்லூர் வியாபாரியைக் கேட்டேன். "லேபிளு என்னுது. அத ரெண்டு பேருமே எடுத்துருக்கீக, எனக்குன்னு ஒரு நாயம் வேணாமா?" என்று என்னையே மடக்கினார். என் பக்கம் பேசியது என் மனைவி ஒருத்திதான். குழாயடியில் நின்று மாஸ்டரின் பெயரைச் சொல்லி அவள் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

நான் அந்தப் படத்தைப் பற்றிக் கேட்பது பரிசுக்காக இல்லை. பதக்கம் மாஸ்டரிடமே இருக்கட்டும், கோட்டுக்குப் பொருத்தமாக இருக்கிறது. ஆனால் என் ஆயுளில் கிளி இல்லாமல், படியெடுக்காமல், என் கையாக எழுதிய படம் அது ஒன்றுதான். யுத்தம் வந்து காகிதத்துக்குத் தட்டுப்பாடானதும் எனக்கு வேலையும் போய்விட்டது. நான் படம் எழுதினேன் என்பதற்கு ஊரில் வேறு எந்தச் சாட்சியும் கிடையாது. அந்தப் படமோ இன்றைக்கும் கண்காட்சி நடந்த ஹாலில் மாஸ்டர் பெயரோடு தொங்குகிறது. போன மாதம் அதே ஹாலில் மாஸ்டருக்குப் பாராட்டுக் கூட்டம் வைத்தார்கள். 'இந்த ஊருக்குப் புதிய சித்திர முறையைக் காட்டியவர்' என்று நோட்டீஸ் அடித்திருந்தார்கள். நோட்டீஸ் என் வீட்டுக்கும் வந்தது.

ஆகவே மாஸ்டரையும், இன்றும் பதவியில் இருக்கும் அந்தக் காரியதரிசியையும் கேட்கிறேன். அந்தப் படத்தை மாஸ்டர் எந்த மாதத்தில் எழுதினார், யாரைப் பார்த்து எழுதினார், நான் கொடுத்த அட்டை எங்கே போயிற்று? இந்த மூன்றுக்கும் அதே ஹாலில், நோட்டீஸ் போட்டு ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு பதில் சொல்லுங்கள். என் வீட்டுக்கு ஆள் அனுப்பித் தனியாகப் பேச வேண்டாம், நான் கதவைத் திறக்கப் போவதில்லை. நாளைக் குறித்துச் சொல்லுங்கள், நான் முன்வரிசையில் வந்து உட்காருகிறேன்.