லூர்து அடித்த நாலு பூச்சு

லூர்து இறந்த செய்தியை டிங்கர் பாபு போனில் சொன்னபோது நான் பெயிண்ட் அடிக்கும் ஸ்ப்ரே கன்னைக் கழற்றி, கழுவத் தின்னரில் ஊறப் போட்டிருந்தேன்.

"லூர்து பூட்டான் நைனா. காலைல, ஆஸ்பத்திரியிலயே."

"எதனா சொன்னானா?" என்று கேட்டேன்.

"இன்னாத்த சொல்வான்? மூச்சு வுடவே முடியாம கெடந்தான்."

போனை வைத்தேன். கன்னைத் துடைத்து மாட்டிய பிறகுதான் சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பினேன். உள்ளே பெயிண்ட் காய்ந்துவிட்டால் கன் வீண். செத்தவனுக்கு அவசரம் இல்லை.

கார் பெயிண்ட், ஸ்டிக்கர் கடைக்காரர்களான நம் சங்க மலருக்கு அவனைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி செயலாளர் கேட்டார். நல்ல வார்த்தைகள் லூர்துவிடமே நிறைய இருந்தன. எல்லாம் தன்னைப் பற்றியவை. நான் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். ஈக்காட்டுத்தாங்கலில் எங்கள் இரண்டு பேர் கடையையும் பார்த்த உங்களுக்கு இது புதிதாக இருக்கலாம்.

சாந்தோமில் பைக்குகளுக்கு ஸ்டிக்கர் வெட்டிக்கொண்டிருந்தவன் அவன். உரித்து எடுக்கக்கூடிய ரப்பர் பெயிண்ட் இந்த ஊருக்கு வந்த புதிதில், எனக்கு அதைக் கற்றுக்கொடுக்க யாரும் இல்லை. என் பழைய காரின் மேல் நாலு முறை அடித்து, நாலு முறை உரித்து, நானே கற்றேன். ஐந்தாம் முறை, கார் கதவிலிருந்து பச்சைத் தோல் ஒரே துண்டாகக் கழன்று வந்ததை ஷெட் வாசலில் நின்று பார்த்தவன் லூர்து. மறுநாளே கூட்டுச் சேர வந்தான். "அண்ணே, ஒட்டறவன்லாம் ஒட்டிடுவான். உரிக்கறப்பதான் எவன் வேலக்காரன்னு தெரியும்," என்றான். அவன் சொன்னதிலேயே உண்மையானது அதுதான். பிறகு அதை என் மேலேயே திருப்பினான்.

இந்தப் பெயிண்டுக்கு ஒரே ஒரு விதி உண்டு. கனமாக அடிக்க வேண்டும். எட்டுப் பூச்சுக்குக் குறைந்தால் அது தோலாகாது. காரோடு ஒட்டிக்கொண்டு சிரங்கு மாதிரி உதிரும். ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பிறகே அடுத்தது. எண்ணிக்கை தவறாமல் இருக்க எங்கள் ஷெட்டில் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். ஒரு பூச்சு முடித்தவன் பின்சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டு வர வேண்டும்.

அடையாறில் ஒரு டாக்டரம்மா. அவர்களுடைய வெள்ளைக் காரைக் கோடம்பாக்கத்தில் சீரியல் எடுக்கும் உறவினர் ஒருவர் இரண்டு மாதத்துக்குக் கேட்டிருந்தார். கதைக்குக் கரும்பச்சைக் கார் வேண்டுமாம். "என் பையன் கல்யாணத்துக்குள்ள பழைய வெள்ளை எனக்கு அப்படியே வேணும்," என்று டாக்டரம்மா என்னிடம் சொன்னார்கள். நான் வாக்குக் கொடுத்தேன். அடிக்க வேண்டிய நாளில் எனக்குக் கண் பரிசோதனை இருந்தது. லூர்து தனியாக அடித்தான். ஐப்பசிக் கடைசி, மழை. மறுநாள் நான் வந்து சுவரைப் பார்த்தேன். எட்டுக் கோடுகள் இருந்தன. கதவோரத்தை விரலால் தடவிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். தடவவில்லை. சுவரை நம்பினேன். அந்த முட்டாள்தனம் என்னுடையது. அதை அவன் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது கார் திரும்பி வந்தது. டாக்டரம்மா பக்கத்தில் நின்றார்கள். நான் பானெட்டின் ஓரத்தைக் கிள்ளி இழுத்தேன். நகத்தளவு வந்தது. மறுபடி இழுத்தேன். மறுபடியும் நகத்தளவு.

"என்னங்க இது?" என்றார்கள் டாக்டரம்மா.

நான் வாயைத் திறக்கும் முன் லூர்து சிரித்துக்கொண்டே சொன்னான். "அண்ணனுக்குக் கை கொஞ்சம் இறுக்கம் மேடம். பெயிண்ட மிச்சம் புடிச்சிட்டாரு. வயசாவுதில்ல."

வெளியாள் முன்னால் கூட்டாளியை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது என் பழக்கம். அது அவனுக்குத் தெரியும். நான் வாயை மூடிக்கொள்வேன் என்று தெரிந்துதான் பேசினான். டாக்டரம்மா என்னைப் பார்த்த பார்வையை நான் வாங்கிக்கொண்டேன். அவர்கள் போனதும் கேட்டேன்.

"எத்தினி கோட்டிங் அடிச்ச?"

"நாலு. மழண்ணே, காயவே இல்ல."

"அப்ப செவுத்துல எட்டு கீது?"

"நீ எண்ணுவேன்னுதான் போட்டேன்."

நாலு நாளும் நகத்தாலும் துணியாலும் சுரண்டினோம். அப்படியும் கதவு இடுக்குகளில் பச்சை போகவில்லை. அந்தக் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வாடகைக் காரில் போனான்.

அடுத்த மாதம் லூர்து இரண்டு ஷெட் தள்ளி, கார் முழுக்க ஒட்டுகிற வினைல் ஸ்டிக்கர் கடை போட்டான். டாக்டரம்மா காரில் நான் பெயிண்டை மிச்சம் பிடித்தேன் என்ற இதே கதையைக் கலர் மாற்ற வருகிற ஒவ்வொருவரிடமும் சொன்னான். "ஸ்ப்ரேன்றது மூஞ்சிக்குப் பவுடரு சார். நான் சட்ட தெச்சிப் போடறேன். வேணாம்னா கழட்டிக்கலாம். அங்க போனீங்கன்னா நகம் வளத்துகினு போங்க." என் வாசலில் நிறுத்திய வண்டிகள் நகர்ந்து அவன் வாசலுக்குப் போயின. மயிலாப்பூரிலிருந்து பத்து வருடமாக என்னிடம் வந்துகொண்டிருந்த ஒருவர் என் கை நகங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். அவர் எதற்குச் சிரித்தார் என்று எனக்கு விளங்க ஒரு வாரம் ஆயிற்று.

அவன் கை நல்ல கை. அதை மறுக்க மாட்டேன். பக்கக் கண்ணாடியின் வளைவில் ஹீட் கன் காட்டி, ஒரு சுருக்கமும் இல்லாமல் ஸ்டிக்கரை இழுத்து உட்கார வைப்பான். ஆனால் கேள்வி கேட்க மாட்டான். ஒருமுறை, நசுங்கிய இடத்தைப் பட்டி வைத்து நிரப்பி மறுபெயிண்ட் அடித்த கதவா என்று விசாரிக்காமல் ஒட்டிவிட்டான். பிறகு உரித்தபோது ஸ்டிக்கரோடு பெயிண்டும் சேர்ந்து வந்தது. வேறு வழியில்லாமல் காரை என்னிடம் கொண்டு வந்தான். அடித்துக் கொடுத்தேன். கொடுக்கும்போது கார்க்காரரிடம், "சட்டையோட தோலும் வந்துடுச்சு சார், டெய்லர் புதுசு," என்றேன். லூர்து தலையைக் குனிந்து நின்றான். எனக்கு அது போதவில்லை. ஊர் நம்பியது அவன் கதையைத்தான்.

லூர்துவுக்கு நோய் முற்றியபோது ஆஸ்பத்திரிக்குப் போனேன். நலம் விசாரிக்கப் போனேன் என்று நீங்கள் நினைத்தால் அது உங்கள் பெருந்தன்மை. கடையை இப்போது அவன் மகள் ரெஜினா நடத்துகிறாள். அவள் மருந்து வாங்க வெளியே போயிருந்தாள்.

"அவ வந்ததும் அவ முன்னாடி சொல்லு," என்றேன். "நாலுன்னு சொல்லு. வேற ஒண்ணும் வேணாம்."

"சொன்னா கடை பேரு நாறிடும்ணே. நான் போயிடுவேன். அவ அங்கதான ஒக்காரணும்?"

"நான் எங்க ஒக்கார்றது?"

கண்ணை மூடிக்கொண்டான். தூக்கமா நடிப்பா என்று தெரியவில்லை. நான் எழுந்து வந்துவிட்டேன். ரெஜினா லிஃப்டிலிருந்து வெளியே வந்து, "சாப்ட்டீங்களா பெரியப்பா?" என்றாள். நான் அவளைத் தாண்டி லிஃப்டுக்குள் போய்விட்டேன்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து மாதா கோவில் வாசலில் அவளே என்னிடம் வந்தாள்.

"மலர்ல அப்பா பத்தி நீங்க எழுதப் போறீங்களாமே. அந்த டாக்டர் கார் விஷயம் மட்டும் வேணாம் பெரியப்பா."

"உனக்கு என்ன தெரியும் அதப் பத்தி?"

"நாலு கோட்டிங்தான். அப்பா என்கிட்ட எப்பவோ சொல்லிட்டாரு."

"தெரிஞ்சும் கஸ்டமர்கிட்ட அந்தக் கதய சொல்றியா நீ?"

"கேட்டுட்டு ஸ்டிக்கர் ஒட்டிக்கிறாங்களே பெரியப்பா."

அவள் சிரிக்கவில்லை, வருத்தப்படவும் இல்லை. பூசைக்கு வந்தவர்களுக்கு டீ கொடுக்கப் போய்விட்டாள். அதுவரை எழுதுவதா வேண்டாமா என்று எனக்குள் கொஞ்சம் தயக்கம் இருந்தது. அவள் போன பிறகு இல்லை.

ஆகவே எழுதிவிட்டேன். லூர்து அடித்தது நாலு பூச்சு. இந்த மலர் அவள் கடை மேசைக்கும் போகும், அவளிடம் ஸ்டிக்கர் ஒட்ட வந்து காத்திருப்பவர்கள் புரட்டிப் பார்ப்பார்கள். மறுத்துச் சொல்ல லூர்து இல்லை. இருந்திருந்தால், என்னைவிட நன்றாகப் பேசி உங்களைத் தன் பக்கம் இழுத்திருப்பான். அது தெரிந்துதான் இப்போது எழுதுகிறேன். எதிராளி பதில் சொல்ல முடியாத நேரம் பார்த்துப் பேசுவது அவன் பழக்கம். அவனிடமிருந்து எனக்கென்று நான் எடுத்து வைத்துக்கொண்டது அது ஒன்றுதான்.