அன்னதான வரிசைக்கு அந்தப் பக்கம்

எங்கள் அலுவலகம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், ஒரு புடவைக் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் இருக்கிறது. கப்பலில் வரும் சரக்குக்குச் சுங்கப் படிவம் நிரப்புவது என் வேலை. படியிறங்கினால் இந்தப் பக்கம் மூன்று சாப்பாட்டுக் கடை, அந்தப் பக்கம் இரண்டு. இருபது வருடமாக மதியம் ஒரு மணிக்கு எந்தக் கடை என்றுதான் யோசித்திருக்கிறேன். சாப்பிடலாமா வேண்டாமா என்று யோசித்ததில்லை. ஒரு நாள் சோறு, இரண்டு காய், ஒரு துண்டு மீன், பாலில்லாத தே ஓ ஒன்று எடுத்தேன். கல்லாவில் இருந்தவர் பதினாறு வெள்ளி என்றார்.

"பதினாறா?"

"மீன் எடுத்தீங்கல்ல பாஸ். எல்லாமே ஏறிடுச்சு லா."

ஏதோ அவர் வீட்டு மீனை நான் திருடிவிட்ட மாதிரி சொன்னார்.

வீடு கிள்ளானில். மனைவி கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். தொழிற்சாலை பஸ் விடியற்காலை ஐந்தேகாலுக்கே வந்துவிடும் என்பதால் ராத்திரிக்கு மட்டும்தான் சமையல். தினமும் மேசையில் பதினைந்து வெள்ளி வைத்துவிட்டுப் போவாள். "வெளியில சாப்டுக்கோங்க, வயித்தக் கட்டாதீங்க" என்பாள். நானே சமைத்துக் கட்டிக்கொண்டு போகலாம் என்று மூன்று நாள் முயன்றேன். முதல் நாள் ராத்திரிக் குழம்பைச் சூடாக ஊற்றி மூடிவிட்டேன், மதியம் திறந்தால் நுரைத்திருந்தது. இரண்டாம் நாள் அலுவலக மைக்ரோவேவில் மீன்குழம்பைச் சூடாக்கினேன். மூன்றாம் நாள் அதன் மேல் "குழம்பு சூடாக்கக் கூடாது" என்று தாள் ஒட்டியிருந்தார்கள். தேங்காய், வெங்காயம், கேஸ் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒரு ஆள் டப்பாவுக்கு அதுவும் ஒன்றும் சல்லிசாக இல்லை. வீட்டில் சமைத்தால் மிச்சம் என்று வாய் கிழியப் பேசுகிறவர்கள் பாசாருக்குப் போகாதவர்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஜொகூரில் படிக்கும் எங்கள் மகள் போன் செய்தாள். "அப்பா, கேன்டீன்ல எல்லாத்தையும் ஏத்திட்டாங்கப்பா. நான் ராத்திரிக்கு ரொட்டியோட நிறுத்திக்கிறேன், பரவால்ல" என்றாள். பரவாயில்லையாம்! அன்றிலிருந்து அந்தப் பதினைந்து வெள்ளி வாரா வாரம் சேர்ந்து அவளுக்குப் போனது. ஓவர்டைம் காசு என்று சொல்லி அனுப்பினேன். மனைவிக்குத் தெரியாது. தெரிந்தால் தன் சாப்பாட்டையும் நிறுத்துவாள்.

என் மதியச் சாப்பாட்டுக்கு அலுவலகத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு கோயில் இருந்தது. வேலை நாட்களில் மதியம் அங்கே அன்னதானம். தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும், மேசைக்குப் பின்னால் நிற்பவர்கள் பரிமாறுவார்கள். ஏன் வந்தாய் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. தமிழ்நாட்டிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்தவர்கள், வயதானவர்கள், டை கட்டிய ஆசாமிகள்கூட நிற்பார்கள். முதல் நாள் தலை நிமிராமல் சாப்பிட்டேன். சாம்பார் நன்றாக இருந்தது, அதுதான் இன்னும் வெட்கமாக இருந்தது. இரண்டு மாதத்தில் வெட்கமும் பழகிவிட்டது.

அப்புறம் வந்தார் என் மச்சான். மனைவியின் அண்ணன். ஜெஞ்சாரோமில் நாலு லோரி ஓடுகிறது அவருக்கு. எங்கள் கல்யாணப் பேச்சின்போது, "இவன் என் தங்கச்சிக்குச் சோறு போடுவானா?" என்று சபையில் கேட்டவர். இருபத்தாறு வருடம் ஆகிவிட்டது. அவர் மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை.

அன்று கையில் தட்டோடு நான் வரிசையில் நாலாவது ஆள். வாசலில் தன் லோரியிலிருந்து அரிசி மூட்டைகளை இறக்கிவிட்டு மச்சான் உள்ளே வருகிறார். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி ஆகிவிட்டது எனக்கு. என்ன செய்கிறோம் என்று தெரியாமலே தட்டை வைத்துவிட்டு மேசையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். அங்கே சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தவர் சமையற்கட்டைக் கவனிக்கும் அக்கா. "அக்கா, குடுங்க, நீங்க கொஞ்ச நேரம் உக்காருங்க" என்று கரண்டியைப் பிடுங்காத குறையாக வாங்கினேன்.

மச்சான் வந்து பார்த்தார். வாயைப் பிளந்தார்.

"மாப்ள! நீங்களா! சேவையெல்லாம் பண்றீங்களா? ஒரு வார்த்த சொல்லலியே!"

"இதையெல்லாம் சொல்லிக்கிட்டா இருப்பாங்க மச்சான்" என்றேன். அந்த நேரத்தில் அந்தப் பணிவு எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

ராத்திரி வீட்டுக்குப் போவதற்குள் அவர் தங்கைக்குப் போன் செய்துவிட்டார். மனைவி கண் கலங்கி நின்றாள். "அண்ணன் வாயால உங்கள நல்லவருன்னு சொல்லிட்டாருங்க" என்றாள். இருபத்தாறு வருடமாக அவள் காத்திருந்த வார்த்தை அது. அதற்கு மேல் நான் என்னத்தைச் சொல்வது?

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டேன். மறுநாளிலிருந்து சாம்பார் என் பொறுப்பு. பரிமாறுகிறவர்கள் கடைசியில்தான் சாப்பிட வேண்டும், அதுதான் முறை என்றார் அக்கா. வரிசை முடிய ஒன்றே முக்கால், சில நாள் ஒன்று ஐம்பது. இரண்டு மணிக்கு நான் நாற்காலியில் இருக்க வேண்டும். கைக்கு எட்டினது வாய்க்கு எட்டவில்லை. நூறு பேருக்கு ஊற்றிவிட்டு, சட்டையில் சாம்பார் வாசத்தோடு ஓடி, அலுவலகப் பேன்ட்ரியில் கறுப்புக் காப்பியும் இரண்டு கிரீம் கிராக்கர் பிஸ்கட்டும். மகளுக்குப் போகிற காசில் கை வைக்க மனம் வரவில்லை.

ஒரு நாள் போகாமல் இருந்துவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. அக்கா தினமும் பரிமாறுகிறவர்களைப் படம் எடுத்துக் கோயில் வாட்ஸ்அப் குழுவில் போடுவார். மச்சான் அந்தக் குழுவில் சேர்ந்துவிட்டார். காய்ச்சல் என்று ஒரே ஒரு நாள் போகவில்லை. பத்து நிமிடத்தில், "எங்க மாப்பிள்ளையைக் காணோமே?" என்று கேட்டுவிட்டார், கும்பிடு போடும் கை பொம்மையோடு. எனக்கு வந்த ஆத்திரத்துக்குப் போனை ஜன்னல் வழியாக எறிந்திருப்பேன், தவணை பாக்கி இருந்தது.

ஐந்து மாதம் ஓடியது. மச்சானுக்கு ஒரு யோசனை வந்தது. "நம்ம குடும்பத்து பேர்ல ஒரு நாள் அன்னதான உபயம் செஞ்சிருவோம் மாப்ள. பாதி நான், பாதி நீங்க." நான் கணக்குப் போட்டுப் பார்ப்பதற்குள் மனைவி சரி என்றுவிட்டாள். வாஷிங் மெஷின் வாங்க அவள் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம் அலமாரியில் இருந்தது. "மெஷின் இன்னும் கொஞ்ச நாள் கழிச்சி வாங்கலாம். கை இருக்குல்ல" என்றாள். பகலெல்லாம் கையுறைகளைச் சோதித்துத் தோல் வெளுத்துப் போன கை. அப்போதாவது வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. இலவசச் சோறு தின்னப் போனவன் பெண்டாட்டி பணத்தில் ஊருக்குச் சோறு போடப் போகிறேன் என்று நினைத்து என் மேலேயே காறித் துப்பத் தோன்றியது.

உபய நாளன்று இருவரும் லீவு போட்டோம், மனைவி பட்டுப் புடவை கட்டி வந்தாள். சோற்றுக் கரண்டி அவளிடம், சாம்பார் என்னிடம், நடுவில் அக்கா கூட்டோடு நின்றார். மச்சான் குருக்களோடு பேசிக்கொண்டு சந்நிதிப் பக்கம் இருந்தார். அக்கா நல்ல மனசுக்காரர். என்னைப் புகழாமல் அவரால் இருக்க முடியவில்லை.

"ஒங்க வீட்டுக்காரர் மாதிரி வராது மா. மொத ரெண்டு மாசம் தெனமும் சாப்பிட மட்டும்தான் வருவாரு, தட்ட எடுத்துக்கிட்டு லைன்ல நிப்பாரு. அப்புறம் பாருங்க, சாமி மனச எப்படி மாத்திடுச்சு! இப்ப ஒரு வாய்கூடச் சாப்பிடாம ஓடுறாரு."

மனைவியின் கரண்டி நின்றது. எதிரே தட்டை நீட்டிக்கொண்டிருந்தவர் அவளையே பார்த்தார். அவருக்குச் சோறு போட்டாள், அடுத்தவருக்கும் போட்டாள். பிறகு ஒரு புதுத் தட்டை எடுத்து மலையாகச் சோற்றைக் குவித்தாள்.

"என்னங்க, உக்காருங்க."

"பரிமாறுறவங்க கடைசியிலதான்…"

"உக்காருங்கன்னு சொல்றேன்ல!"

உட்கார்ந்தேன். சாம்பாரை அவளே ஊற்றினாள். பாதி சாப்பிடும்போது அழுகை வந்தது, அதையும் சேர்த்து விழுங்கினேன். அப்போது பார்த்து மச்சான் வந்தார். "என்ன மாப்ள, உபயக்காரரே முந்திக்கிட்டீங்க?" என்று சிரித்தார்.

"காலையிலேர்ந்து விரதம்ணே அவரு. மயக்கமா வருதுன்னாரு, நான்தான் உக்கார வச்சேன்" என்றாள் மனைவி. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் அண்ணனிடம் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை.

திரும்பும்போது கிள்ளான் ரயில் ஏறினோம். சுபாங் ஜெயா தாண்டியதும் கேட்டாள்.

"பாப்பாவுக்கா அனுப்புனீங்க?"

"ஆமா."

"அஞ்சு மாசமா பட்டினி."

"பிஸ்கட்டு சாப்பிட்டேன்."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். விட்டுவிடுங்கள், இனி போக வேண்டாம், அண்ணனிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்று சொல்லப்போகிறாள் என நினைத்தேன். அந்த ஒரு வார்த்தைக்காக மனம் அப்படி ஏங்கியது. அவள் சொன்னது வேறு.

"அண்ணனுக்குத் தெரிய வேணாங்க. நிறுத்திடாதீங்க. தெனமும் போங்க."

ஆகவே இன்றும் போகிறேன். பையில் அவள் கட்டிக்கொடுத்த புளிச்சோறோ எலுமிச்சைச் சோறோ இருக்கிறது. அலுவலக மாடிப்படியில் நின்றபடி ஐந்து நிமிடத்தில் அதை அள்ளிப் போட்டுக்கொண்டு, கோயிலுக்கு ஓடிக் கரண்டியைப் பிடிக்கிறேன். அக்கா படம் எடுக்கிறார். மச்சான் கும்பிடு போடுகிறார்.

அந்தச் சோறு வடிப்பதற்காக மனைவி முன்பைவிட ஒரு மணி நேரம் சீக்கிரம், மூன்றரைக்கே எழுந்திருக்கிறாள். கடுகு வெடிக்கிற சத்தம் கேட்டு எனக்கு விழிப்பு வந்துவிடும். "எனக்கு வேணாம், நீ போயி தூங்கு" என்று எழுந்து போய்ச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு நாளும் சொல்ல வேண்டும் என்றுதான் இருக்கிறது. ஆனால் வயிறு மதியத்தை நினைத்துக்கொள்கிறது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, அவள் விளக்கை அணைத்துவிட்டு பஸ்ஸுக்குப் போகும்வரை, தூங்குகிறவனைப் போலவே கிடக்கிறேன்.