பிளெச்சர் வீட்டுப் பெண்

எங்கள் குடும்பப் பெயர் பிளெச்சர். பள்ளிக்கூடத்தில் ஒருத்திக்கும் அது வாயில் நுழையாது. எங்களுக்கு அது எப்படி வந்தது என்று தேடுவதுதான் ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவின் வேலை.

அப்பா மதுரை ரயில்வே பார்சல் ஆபீசில் குமாஸ்தா. அவர் கைக்குழந்தையாக இருந்தபோதே தாத்தா இறந்துவிட்டார். விட்டுப்போனது அந்தப் பெயரைத்தான். தாத்தாவைப் பெற்றவர் கப்பலேறி வந்த அமெரிக்கர் என்று அப்பா தானாகவே முடிவு செய்திருந்தார். பிளெச்சர் என்றால் அம்பு செய்கிறவர் என்று ஒரு துரை சொல்லிவிட, அப்பாவின் நடையே மாறிப்போனது. “அம்பு செஞ்ச பரம்பரைக்கு ஒரு விறகு பிளக்க வரலை” என்பாள் அம்மா.

இதற்கெல்லாம் சாட்சி என்னுடைய பூனைக்கண். கோயிலில் ஆராதனை முடிந்ததும் வீட்டுக்கு விடாமல், வயதானவர்கள் வீடு வீடாக என்னை இழுத்துக்கொண்டு போவார். மோவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, “இந்தக் கண்ணு நம்ம சனத்துக்கு வருமா, நீங்களே சொல்லுங்க” என்பார். அவர்களும் மாட்டுக்குப் பல் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். வீட்டில் கறிக்குழம்பு ஆறிக்கொண்டிருக்கும். எனக்கு என் கண்ணே பிடிக்காமல் போனது.

கடைசியில் மிஷன் கோயிலில் ஊழியம் செய்த வயதான உபதேசியார் ஒருவர், தாத்தா உசிலம்பட்டிப் பக்கத்துப் பிள்ளை என்று சொல்லி ஊர்ப்பெயரையும் சொன்னார். அமெரிக்கர் அங்கேதான் பங்களா கட்டியிருப்பார் என்று அப்பா கிளம்பிவிட்டார். பஸ்ஸை விட்டு இறங்கிக் கம்பங்காட்டு வழியே நடந்தோம். கால் வலிக்கிறது என்று சொல்லும்போதெல்லாம் “இந்தா வந்தாச்சு” என்றார். வரவே இல்லை.

ஊர்க்கிணற்றில் ஒருவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். அப்பா விசாரிக்க வாயெடுத்தார். மாட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்தார். கறுத்த முகத்தில் என்னுடைய கண்கள். பின்னால் ஓடிவந்த அவர் பிள்ளைகளுக்கும் அதே கண்.

அப்பா வந்த காரியத்தைச் சொன்னதும் அவர் மாட்டைக் கட்டிவிட்டு வந்தார்.

“எங்க அய்யாவுக்கு ஒரு அண்ணன் உண்டுண்ணே. தாது வருசப் பஞ்சத்துல, இதாவது பொழைக்கட்டும்னு அப்பத்தா பாதிரிமாரு மிஷன்ல விட்டுட்டு வந்துருச்சு.”

“அப்ப அந்த அமெரிக்கக்காரரு?”

“அவரு எங்க இங்கிட்டு வந்தாரு. அமெரிக்காவுல இருந்துக்கிட்டே மிஷனுக்குப் பணம் அனுப்பிப் பிள்ளைக்குச் சோறு போட்டாராம். அவரு மகன் செத்துப்போனானாம். அந்த மகன் பேரை இந்தப் பிள்ளைக்கு வைக்கச் சொல்லிட்டாராம். பெரியய்யா வளந்தப்பறம் ஒருதரம் வந்து சொன்னதுதான்.”

அப்பா கிணற்றுத் திண்டில் உட்கார்ந்தார். பிறகு, “அதுக்கு முந்தி அவருக்கு என்ன பேரு?” என்றார்.

“தெரியலையேண்ணே. விட்டுட்டு வந்த நாள்லருந்து அப்பத்தா அந்தப் பேரை வாயில எடுக்கலை. வீட்டுல யாரையும் எடுக்க விடலை.”

மோர் கொடுத்தார்கள். ரோடு வரைக்கும் கூடவே வந்து பஸ் ஏற்றிவிட்டார்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. இனிமேல் குழம்பைச் சூடாகச் சாப்பிடலாம். அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு ஜன்னலில் சாய்ந்திருந்தார். தோள் குலுங்கியது. அமெரிக்கர் கைவிட்டுப் போன வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

“போனாப் போறாருப்பா. பிளெச்சர்ங்கிற பேரு நம்மகிட்டத்தானே இருக்கு?”

அவர் இன்னும் அதிகமாக அழுதார். ஆறுதல் சொன்னதற்கு ஒரு மனிதர் இப்படியா செய்வார் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.