ஆடிட்டருக்கு மட்டும் தெரிந்த இதயம்

போன செவ்வாய்க்கிழமை ஒரு கம்பெனி எச்.ஆர். ரூமில் கத்தித் தீர்த்துவிட்டு வந்தேன். இந்த வயதில் எனக்கு இது தேவையா? கேளுங்கள், நீங்களே சொல்லுங்கள்.

எங்கள் ஊர் நெருப்பெரிச்சலில் என் பக்கத்து வீட்டுக்காரர் சுடலைமுத்து. திருநெல்வேலிக்காரர். பனியன் கம்பெனியில் செக்கிங். டிராக் பேன்ட்டின் இடுப்பளவு அரை இன்ச் கூடினாலும் ரிஜெக்ட் செய்துவிடுவார். இரண்டு வாரம் முன்பு செக்கிங் டேபிளிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். ஹார்ட் அட்டாக். உடனே ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்துவிட்டார் என்று நிம்மதியானோம்.

ஆறாம் நாள் மூச்சுத் திணறி, மறுபடியும் ஐ.சி.யூ.

"சுகர், பிரஷர், கொழுப்பு, தொப்பை... எல்லாம் ஒண்ணா சேர்ந்திருக்குதுங்க. அடைப்பை எடுத்தாலும் இவங்களுக்கு முதல் ஒரு மாசம் ஆபத்துதான். பழைய ரிப்போர்ட் ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்றார் டாக்டர்.

சுடலைமுத்துவின் மனைவி செல்வி திகைத்துப்போனார். "அவுகளுக்கு ஒண்ணும் கிடையாதே சார்! கம்பெனியில வருசா வருசம் ரத்தம் எடுத்துப் பாக்காவல்லா? ஏதும் இருந்தா சொல்லியிருப்பாவளே!"

அந்த நம்பிக்கையோடுதான் கம்பெனிக்குப் போனோம்.

ரிப்போர்ட் இருந்தது. ஒன்றல்ல, மூன்று வருஷத்து ரிப்போர்ட்! சுகர், பிரஷர், கொழுப்பு, இடுப்பளவு – எல்லாவற்றிலும் சிவப்பு வட்டம். ஃபைலில் பத்திரமாக வைத்திருந்தார்கள். யாருக்காக? துணி வாங்கும் வெளிநாட்டு பையர் அனுப்பும் ஆடிட்டருக்காக! தொழிலாளர்களுக்கு மெடிக்கல் செக்கப் நடந்ததா என்று அவர் பார்ப்பார், டிக் அடிப்பார், போய்விடுவார்.

"ஏனுங்க, இதை அவர்கிட்டச் சொல்லவே இல்லீங்களா?" என்றேன்.

"அவரு கேக்கவே இல்லீங்களே" என்றார் எச்.ஆர். மேனேஜர், ரொம்பப் பணிவாக.

கேட்கவில்லையாம்! ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மனுஷன் மூன்று வருஷமாக மாத்திரை போட்டிருப்பாரே... சாயங்கால போண்டாவையாவது விட்டிருப்பாரே! சரி, டாக்டரிடம் காட்ட ஃபைலைக் கொடுங்கள் என்றேன்.

"வியாழக்கிழமை ஆடிட்டுங்க. ஃபைல் இங்கதான் இருக்கோணும். முடிஞ்சதும் வந்து வாங்கிக்குங்க."

அப்போதுதான் கத்தினேன். நான் கத்திக்கொண்டிருக்கும்போதே செல்வி ஒவ்வொரு தாளாகப் புரட்டி, போனில் படம் பிடித்துக்கொண்டார்.

உங்கள் கம்பெனியிலும் ரத்தம் எடுக்கிறார்களா? நாளைக்கே போய் ரிப்போர்ட்டைக் கேளுங்கள். அது உங்கள் ரத்தம்.

வியாழக்கிழமை ஆடிட்டில் கம்பெனி பாஸாகிவிட்டது. சுடலைமுத்து இன்னும் ஐ.சி.யூ.வில்தான் இருக்கிறார்.