லாபு அண்ணன் வீட்டு அறிக்கை

அந்த அறிக்கையில் நான்கைந்து வரிகள்தான் இருந்தன. கிளினிக் முகப்பில் நோயாளிகளுக்கு எண் கொடுத்துக்கொண்டே கைபேசியில் படித்தேன். ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. "இங்கே எனக்கு அப்பாவாக இருப்பவர் தினமும் காலையில் டிரக்ஸ் அடிக்கப் போகிறார். மூக்கைக் கட்டிக்கொண்டு அடிக்கும்படி அம்மா கவலையோடு சொல்லி அனுப்புகிறார். திரும்பி வந்தால் குளிக்கும்வரை யாரையும் கிட்டே விடமாட்டார். உடுப்பில் ஒரு வாடை வீசும். மற்றபடி நான் மிகவும் மகிழ்ச்சியாக இருக்கிறேன்." மூன்று முறை படித்தேன். முன்னால் நின்ற இரண்டு பேருக்கு ஒரே எண்ணைக் கொடுத்துவிட்டு அவர்களிடம் திட்டும் வாங்கினேன்.

எழுதியவள் ஜெர்மனியிலிருந்து வந்த பதினாறு வயதுப் பெண். காலையில் செரம்பானில் கிளினிக் வேலை, மற்ற நேரத்தில் ஒரு மாணவர் பரிமாற்றத் திட்டத்துக்கு வீடு தேடிக் கொடுக்கும் பகுதி நேர வேலை என்று அப்போது ஓடிக்கொண்டிருந்தேன். வெளிநாட்டுப் பிள்ளைகள் பத்து மாதம் இங்கே ஒரு குடும்பத்தோடு தங்கி, பக்கத்துப் பள்ளியில் படிப்பார்கள், மாதாமாதம் எங்களுக்கு ஓர் அறிக்கை எழுதி அனுப்புவார்கள். பிள்ளைக்குத் தனிக் கட்டில் இருக்கிறதா, குளியலறைக் கதவில் தாழ்ப்பாள் இருக்கிறதா, நாய் கடிக்குமா என்று வீடு வீடாகப் போய்ப் பார்த்துப் படிவம் நிரப்புவது என் பொறுப்பு. "மாப்பிள்ளை வீட்டுக்காரி கிளம்பிட்டா" என்று என் கணவர் கேலி செய்வார். உண்மையில் எனக்கும் அந்த மிதப்பு கொஞ்சம் இருந்தது.

அந்த ஜெர்மன் பெண்ணை நான் தங்கவைத்த அண்ணன் வீடு செரம்பானை அடுத்த லாபுவில், பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய மலிவு விலை வீடுகளின் வரிசையில் கடைசி. எனக்கு அவர் சொந்தமில்லை, ஆனால் அவரை அண்ணன் என்றும் அவர் மனைவியை அக்கா என்றும் அழைத்துப் பழகிவிட்டேன். மகள் கல்யாணமாகி ஜொகூருக்குப் போய்விட்டதால் ஓர் அறை காலியாக இருந்தது. முதல் நாள் நான் பேனாவைத் திறந்ததுமே அண்ணன் கையைக் காட்டி நிறுத்தினார். "தங்கச்சி, எழுதறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன்லா. சின்ன வயசுல நான் டாடா கேஸ்ல மாட்டி, ரெண்டு வருசம் புனர்வாழ்வு சென்டர்ல இருந்தவன். இருவது வருசம் ஆச்சு, அப்புறம் தொட்டதில்ல. நாளைக்கு வேற ஆளு சொல்லி உங்களுக்குத் தெரியக் கூடாது." டாடா என்றால் மலாயில் போதைப்பொருள். அடுப்படியில் எனக்கு மைலோ தண்ணி கலக்கிக்கொண்டிருந்த அக்காவின் கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது. இருபது வருடக் கதையை இப்போது எதற்குக் கிளற வேண்டும் என்று சொல்லி, போலீஸ் பதிவு உண்டா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று எழுதினேன். தொழில் என்ற கட்டத்தில் 'ஒப்பந்தத் தொழிலாளர்' என்று போட்டேன். என்ன ஒப்பந்தம், என்ன வேலை என்று கேட்கத் தோன்றவில்லை. பெரிய மனசுக்காரி என்ற நினைப்போடு அக்கா கொடுத்த மைலோவைக் குடித்துவிட்டு வந்தேன்.

நான்கு மாதத்தில் அந்தப் பெண் வீட்டோடு ஒட்டிக்கொண்டாள். ஒரு சிறிய நோட்டில் காதில் விழும் தமிழ்ச் சொற்களையெல்லாம் எழுதி, பக்கத்தில் அகராதியைப் பார்த்து அர்த்தம் போட்டு வைப்பாள். மிளகாய்ச் சம்பலுக்கு மூக்கில் தண்ணீர் வடிந்தாலும் இன்னொரு கரண்டி கேட்பாள். அப்படிப்பட்டவள்தான் இதை எழுதியிருந்தாள். அவள் பொய் சொல்லக் காரணமே இல்லை என்பதுதான் என்னை உலுக்கியது.

கோலாலம்பூர் தலைமை அலுவலக மேலாளர் பத்து நிமிடத்தில் அழைத்தார். அவரும் அறிக்கையைப் படித்துவிட்டிருந்தார். பள்ளி விட்டதும் பெண்ணை அழைத்துக்கொண்டு வந்துவிட வேண்டும், மாலைக்குள் போலீசில் புகார் கொடுத்தாக வேண்டும் என்றார். புகார் போனால் பழைய கேஸ் மேலே வரும். இருபது வருடமாக ஒரு மனிதன் சேர்த்து வைத்த பெயர் ஒரே மாலையில் போய்விடும். 'இல்லை' என்று எழுதிய கையெழுத்தும் என்னுடையது. யாருக்காக அதிகம் பயந்தேன் என்று கேட்டால், இன்றைக்கும் நேராகப் பதில் சொல்ல எனக்கு வாய் வராது.

ஓட்டுநர் உரிமத்துக்கும் தொழிற்சாலை வேலைக்கும் வருகிறவர்களிடம் போதைப்பொருள் பரிசோதனைக்காகக் கொடுக்கும் சிறுநீர்க் குவளைகள், முடிவை உடனே கோடாகக் காட்டும் பட்டையோடு, கிளினிக் அலமாரியில் இருக்கும். ஒன்றை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு, அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அவர் சுத்தம் என்று காட்டிவிட்டால் மேலாளரிடம் பேசிப் பார்க்கலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் மனதுக்குள் அவர் அடிக்கிறார் என்று முடிவு கட்டியிருந்தேன். ஒரு முறை விழுந்தவர்கள் மறுபடியும் விழுவார்கள் என்று கிளினிக்கில் நானே எத்தனை பேரைப் பற்றிப் பேசியிருக்கிறேன்!

காலையிலிருந்து விடாமல் மழை. வாசலில் அண்ணனின் மோட்டார் சைக்கிள் நின்றது. வேலை நாளில், நண்பகலில் ஆள் வீட்டில் இருப்பதையும் ஒரு சாட்சியாக எடுத்துக்கொண்டேன். "வாங்க தங்கச்சி, மழையில நனைஞ்சிட்டீங்களே" என்று துண்டை நீட்டினார். வாங்காமல் நின்றபடியே, ஒரு புகார் வந்திருக்கிறது என்றும், நீங்கள் மறுபடியும் ஆரம்பித்துவிட்டதாகச் சொல்கிறார்கள் என்றும் சொல்லிக் குவளையை மேசையில் வைத்தேன். யார் சொன்னது என்று அவர் கேட்கவில்லை. அக்காதான் வெடித்தார். "என்னா பேச்சு பேசறீங்க? அவரு ஒரு சிகரெட்டு தொடறாரா கேளுங்க! யாரு சொன்னா, அந்த ஆளக் கூட்டிட்டு வாங்க!" அண்ணன் குவளையைத் தன் பக்கம் இழுத்தார். அதை எப்படித் திறப்பது என்று நான் சொல்ல வாயெடுத்தேன். "தெரியும்" என்று சொல்லிவிட்டு எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டார்.

அந்த நேரத்தில்தான் பள்ளி பஸ்ஸிலிருந்து இறங்கி அந்தப் பெண் நனைந்தபடி உள்ளே ஓடி வந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். வாசலில் நின்ற மோட்டாரைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தன் மழலைத் தமிழில் கேட்டாள்: "அம்மா, அப்பா இன்னைக்கி மருந்து அடிக்கப் போகலையா?"

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே, "மழையில எப்படிம்மா அடிக்கிறது? புல்லுல நிக்காம மருந்தெல்லாம் கழுவிட்டுப் போயிடும்லா" என்றார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. களைக்கொல்லி. தோட்டத்து ஆட்களுக்குக் காய்ச்சல் மாத்திரையும் மருந்து, செம்பனைக்கு அடியில் முளைக்கும் புல்லைக் கருக்குவதும் மருந்து. முதுகில் பம்பைச் சுமந்து அதைத் தெளிப்பதற்கு மருந்து அடிப்பது என்று பெயர். அந்தப் பெண் நோட்டில் மருந்துக்கு 'டிரக்ஸ்' என்ற ஆங்கிலச் சொல், அடிப்பதற்கு ஒரு சொல் என்று பார்த்து, இரண்டையும் சேர்த்து எழுதிவிட்டாள். மூக்கில் துணி, உடுப்பில் வாடை, குளிக்கும்வரை யாரையும் தொடாதது எல்லாம் அந்த விஷத்துக்காக. செரம்பானில் பிறந்து வளர்ந்த எனக்கும் இந்தப் பேச்சு தெரியாததல்ல. தொழில் என்னவென்று அன்றே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

உடனே குளியலறைப் பக்கம் ஓடினேன். "அண்ணே, வேணாம்ணே, வந்துருங்க" என்று சொல்லும்போதே தாழ்ப்பாள் திறந்தது. கையில் குவளையோடு வெளியே வந்தவர் அங்கே அந்தப் பெண் நிற்பதைப் பார்த்ததும் மற்றொரு கையால் அதை மறைத்துக்கொண்டார். அந்த முகத்தை நான் மறக்கவில்லை. அவள் உள்ளே போன பிறகு என் முன்னால் வைத்தார். நடந்ததை நான் குழறிக் குழறிச் சொன்னேன், மன்னிப்புக் கேட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பரவால்ல. பாத்துட்டுப் போங்க மேடம். ஆபிஸ்ல கேட்டா சொல்லணும்ல" என்றார். பார்த்தேன். சுத்தமாக இருந்தது. வாசல்வரை வந்த அக்கா, "அவரு அன்னைக்கி வாயத் தொறந்து உங்ககிட்ட சொன்னாரு பாருங்க, அதான் தப்பு" என்றார்.

மேலாளருக்கு விளக்கி எழுதினேன். அவர் சிரித்துவிட்டுக் கோப்பை மூடினார். பத்து மாதம் முடிந்து அந்தப் பெண் விமான நிலையத்தில் அண்ணனைக் கட்டிக்கொண்டு அழுதாள். அதற்குப் பிறகும் அண்ணன் வீட்டில் பிள்ளைகள் வந்து தங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஒரு குறையும் சொல்வதற்கில்லை. போன மாதம் புதிய படிவம் நிரப்பப் போயிருந்தேன். அக்கா தண்ணி கலக்கிக் கொடுத்தார். வீட்டில் யாருக்காவது நோய் உண்டா என்று கேட்டேன். அண்ணனுக்குப் பின்னால், குளிர்பெட்டியின் மேல் சர்க்கரை நோய் மாத்திரை அட்டைகள் இரண்டு கிடந்தன. கிளினிக்கில் வேலை செய்யும் எனக்கு அவை என்னவென்று தெரியும் என்பது அவருக்கும் தெரியும். "ஒண்ணும் இல்ல மேடம், எழுதிக்குங்க" என்றார். எழுதிக்கொண்டேன்.