ஜூராகானின் கையெழுத்து

ஜூராகானுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கிவிடும். பிஷ்கெக் நகரில் அவள் வேலை பார்த்த உலர்தாவரக் காப்பகத்தில் இது எல்லோருக்கும் தெரியும். அவள் குரல் தணிந்தால் ஆளாளுக்கு வேலை இருப்பதுபோல் நழுவிவிடுவார்கள். புது இயக்குநர் மெதெர்பெக்குக்கு மட்டும் அது தெரியவில்லை.

செடியைப் பறித்து, அழுத்திக் காயவைத்து, அட்டையில் நூலால் தைத்து, மூலையில் சீட்டு ஒட்டுவதுதான் அவள் காலமெல்லாம் செய்த வேலை. சீட்டை மட்டும் வேறு யாரையும் எழுத விடமாட்டாள். எந்த ஓடை, எந்தச் சரிவு, யாருடைய மேய்ச்சல் முகாமுக்கு மேலே என்று, வீட்டுக்கு வழி சொல்வதுபோல் விலாவாரியாக எழுதுவாள். அந்த அட்டைகளையெல்லாம் ஸ்கேனரில் படமெடுத்து இணையத்தில் போடப்போகிறோம், உலகமே பார்க்கும் என்று சொன்னபோது அவளைவிடச் சந்தோஷப்பட்டவர்கள் அங்கே யாருமில்லை.

மஞ்சள் துலிப்பின் முறை வந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. தலாஸ் மலையில், அவளுடைய தம்பி ஷாமுரத் ஆடு மேய்க்கும் ஒரே ஒரு சரிவில் பூப்பது அது. வேறெங்கும் அவள் பார்த்ததில்லை.

“சார், படத்தப் போடுங்க, இடத்த மட்டும் மறைச்சிடுங்க. கிழங்கு தோண்டி விக்கிறவன் இதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கான்.”

“எல்லாம் எல்லாருக்கும் திறந்திருக்கணும்னுதான் அக்கா இந்தத் திட்டமே. திருடன் எங்க உக்காந்து லத்தீன் பேரெல்லாம் தேடப்போறான்?”

“திருடனுக்குப் படிப்பு வராதுன்னு உங்களுக்கு யார் சார் சொன்னா?”

குரல் இறங்கியிருந்தது. மெதெர்பெக் சிரித்துக்கொண்டே போய்விட்டார். படம் சீட்டோடு ஏறியது.

அடுத்த வசந்தத்தில் ஆடுகள் குட்டி போடும் நேரத்துக்கு உதவியாக அவள் தம்பி வீட்டுக்குப் போனாள். சரிவு முழுக்கக் குழி. பன்றி கிளறிப் போட்ட தோட்டம்போல் கிடந்தது. ஒரு கிழங்கைக்கூட விட்டுவைக்கவில்லை, பாவிகள்.

“யாருடா வந்தது?”

“உன் ஆளுங்கதான்க்கா. ஜீப்புல ரெண்டு பேரு. கையில ஒரு காகிதம் வச்சிருந்தாங்க. பாத்தா உன் கையெழுத்து! உன்கிட்ட வேல பாக்குறவங்கன்னு நெனச்சு, ஆட்டுக்கறி ஆக்கிப் போட்டு, குதிரை குடுத்து, நானே மேல கூட்டிட்டுப் போய்க் காட்டுனேன்.” சொல்லச் சொல்ல அவன் முகம் வெளிறியது. “ஏன்க்கா? உன் ஆளுங்க இல்லியா?”

அவனைத் திட்ட அவளுக்கு மனம் வரவில்லை. அக்காவின் எழுத்தை நம்பினான், வந்தவர்களை விருந்தாளியாக நடத்தினான். அதில் என்ன தப்பு? கொள்ளைக்காரனுக்குத் தன் கையாலேயே அறிமுகக் கடிதம் எழுதிக் கொடுத்ததுபோல் ஆகிவிட்டதே!

பிஷ்கெக் திரும்பியதும் நேரே இயக்குநர் அறைக்குப் போனாள். அந்த மனிதர் முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்ன ஆறுதலைப் பாருங்கள்:

“போனது போச்சு, விடுங்கக்கா. இந்த மாதிரி நேரத்துக்குத்தான காப்பகம்? செடி அழிஞ்சாலும் நம்மகிட்ட அட்டை இருக்கே!”

ஜூராகான் திரும்பி நடந்தாள். அரிய செடிகளின் அலமாரியைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, ஸ்கேனர் முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

“வெளிநாட்டுலேருந்து பார்வையிட வர்றாங்கக்கா! வேல நின்னுபோயிடும்!” என்று மெதெர்பெக் பின்னாலேயே ஓடிவந்தார்.

“இடத்த மறைக்கிற வரைக்கும் நிக்கட்டும்.”

அவள் குரல் தணிந்தாலே நழுவிவிடுகிறவர்கள் எல்லோரும் இப்போது ஒவ்வொருவராக வந்து அவள் பின்னால் நின்றார்கள். மெதெர்பெக் யார் யாருக்கோ போன் செய்தார். மறுநாள் அரிய செடிகள் அத்தனைக்கும் இடப்பெயர் மறைக்கப்பட்டது. துலிப்பின் பக்கத்தைத் திறந்து, சீட்டு இருந்த இடத்தில் சாம்பல் நிறக் கட்டத்தை அவள் தன் கண்ணால் பார்த்தாள்.

அடுத்த வாரமே ஷாமுரத் போன் செய்தான்.

“இன்னொரு ஜீப்பு வந்துச்சுக்கா. அதே காகிதம், உன் கையெழுத்தோட. இந்தத் தடவ நான் வழி காட்டல. அவங்களே தேடிப் போனாங்க, குழியப் பாத்தாங்க, யாரோ நமக்கு முந்திட்டான்னு என்னையத் திட்டிட்டுப் போனாங்க.”